குளோத் மெல்லான் (1598–1688): ஒற்றைக் கோடு வித்தையா, வாழ்நாள் உழைப்பின் விளைவா?

செப்புத்தகடு (இழையைத் தொடங்கியவர்)

பிரெஞ்சுச் செதுக்கோவியரும் ஓவியருமான குளோத் மெல்லானைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும், பேச்சு ஒரே ஓர் அச்சுப்படத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. 1649-ஆம் ஆண்டு அவர் செப்புத் தகட்டில் செதுக்கிய, சிலுவை சுமந்து போன இயேசுவின் வியர்வையைத் துடைத்ததாக மரபு சொல்லும் வெரோனிக்கா என்ற பெண்ணின் துணியில் பதிந்த இயேசுவின் முகம்தான் அது. மூக்கு நுனியில் ஒரு கோடு தொடங்குகிறது. சுருள் சுருளாக வெளியே விரிகிறது. தன்னைத் தானே எங்கும் வெட்டிக்கொள்வதில்லை. தடிக்க வேண்டிய இடத்தில் தடித்தும் மெலிய வேண்டிய இடத்தில் மெலிந்தும் அந்த ஒரே கோடு கண்களையும் தாடியையும் முள்முடியையும் வழியும் இரத்தத் துளிகளையும் உருவாக்கிவிடுகிறது. முதன்முறை பார்ப்பவர்கள் சற்று எட்ட நின்று முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு கண்ணாடியை எடுத்துக்கொண்டு கோட்டைத் தேடுவார்கள்.

என் கேள்வி அந்தக் கோட்டுக்கு முன்பும் பின்பும் உள்ள வாழ்க்கையைப் பற்றியது. மெல்லான் 1598-இல் வட பிரான்சின் பிக்கார்தி பகுதியிலுள்ள அப்வில் நகரில் பிறந்தார். பிற்காலத்தில் பிரான்சுவா த புவாயி போன்ற பல செதுக்கோவியர்களைத் தந்த ஊர் அது. பாரிசில் தொழில் பழகிய காலத்தில் அவர் செய்தவை, அன்று அங்கே எல்லோரும் செய்துகொண்டிருந்த, நெருக்கமான குறுக்குக் கோடுகளால் நிழல் காட்டும் வறண்ட படங்களே. 1624-இல் ரோம் சென்றார். அங்கே பிரான்செஸ்கோ வில்லமேனாவிடம் சேர்ந்தார். ஆனால் அந்த ஆசிரியர் அதே ஆண்டில் இறந்துபோனார். அதன்பின் ரோமில் புகழின் உச்சியில் இருந்த பிரெஞ்சு ஓவியர் சிமோன் வூவேயின் வட்டத்தில் இணைந்து, 1636 வரை அந்நகரிலேயே தங்கினார். திரும்பும் வழியில் தென் பிரான்சின் ப்ரோவான்ஸில் நின்று நிலாவைச் செதுக்கினார். பாரிசில் லூவர் அரண்மனையில் குடியிருப்புப் பெற்று, அரசரின் செதுக்கோவியராக வாழ்ந்து, 1688 செப்டம்பரில் 90 வயதில் காலமானார். ஏறத்தாழ 400 அச்சுத் தகடுகளை விட்டுச் சென்றார்.

இவ்வளவு நீண்ட வாழ்வை ஒரு சுருளுக்குள் அடக்குவது நியாயமா, அல்லது அந்தச் சுருளை நோக்கித்தான் அவருடைய வாழ்வே நகர்ந்ததா? உறுப்பினர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மஞ்சள்வெயில்

தொடக்கப் பதிவுக்கு நன்றி. நான் எதிர்க்கட்சியில் அமர்ந்துகொள்கிறேன். அந்த அச்சுப்படத்தை நான் வித்தை என்றே கருதுகிறேன். அரிசியில் பெயர் எழுதுபவரை நாம் வியக்கிறோம். ஆனால் அவர் எழுதிய பெயரை யாரும் வாசிப்பதில்லை. அதைப் போலவே, இந்தப் படத்தைப் பார்ப்பவர்களில் எத்தனை பேர் துன்புற்ற முகம் ஒன்றைப் பார்க்கிறார்கள்? எல்லோரும் கோடு எங்கே தொடங்குகிறது என்றுதான் கேட்கிறார்கள். பக்திக்காகச் செய்யப்பட்ட படத்தில் செய்தவனின் கைத்திறமை முன்னால் வந்து நிற்பது வெற்றியா என்பதை யோசிக்க வேண்டும்.

அதே நூற்றாண்டில், மெல்லானுக்கு ஒரு தலைமுறை இளையவரான ரொபேர் நான்தேய் என்ன செய்தார் என்று பாருங்கள். அவர் முதலில் பாஸ்டல் வண்ணத்தில் முகத்தை வரைந்துகொண்டு, பிறகு தகட்டுக்குப் போனவர். கன்னத்துக்குப் புள்ளி, அங்கிக்குக் குறுக்குக் கோடு, முடிக்கு நெளிகோடு எனப் பொருளுக்கு ஏற்பக் கைவரிசையை மாற்றினார். அவர் செதுக்கிய அமைச்சர்களையும் நீதிபதிகளையும் பார்த்தால், பட்டு எது, சரிகைப் பின்னல் எது, சவரம் செய்த தாடை எது என்று விரல் வைத்துச் சொல்லலாம். மெல்லானிடம் எல்லாமே ஒரே மாதிரி வெள்ளிபோல் மின்னுகின்றன. முகத்துக்கும் துணிக்கும் தூணுக்கும் ஒரே இணைகோடு. தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதிக்காகப் பார்வையின் உண்மையை விட்டுக்கொடுத்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உளிப்பிடி

நான் இருபது ஆண்டுகளாகத் தகட்டோடு வேலை செய்பவன். அதனால் மஞ்சள்வெயில் அவர்களின் அரிசி உவமையைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டு, கையின் பக்கத்திலிருந்து இதைச் சொல்ல விரும்புகிறேன்.

பியூரின் எனப்படும் செதுக்குளியின் முனை, சாய்சதுர வெட்டுமுகம் கொண்ட எஃகு. அதன் மரக்குமிழ் உள்ளங்கையில் அமர்ந்திருக்கும். உளியை முன்னோக்கித் தள்ளித்தான் செதுக்க வேண்டும், பேனாவைப்போல் இழுக்க முடியாது. செம்பு சன்னமான சுருளாகச் சீவி வரும். தள்ளும் அழுத்தம் கூடினால் பள்ளம் ஆழமாகும். பள்ளத்தின் வடிவம் ஆங்கில ‘V’ எழுத்தைப்போல் கீழே குறுகியிருப்பதால், ஆழம் கூடும்போது அகலமும் கூடும். அதில் நிற்கும் மையும் கூடும். ஆக, ஒரே கோட்டில் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் வெளிச்சத்தையும் நிழலையும் எழுத முடியும். இதை மெல்லான் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே ஹாலந்தில் ஹெண்ட்ரிக் கோல்ட்சியுஸ் பருத்து மெலியும் கோடுகளைக் கொண்டு தசைகளை முறுக்கிக் காட்டியிருந்தார். ஆனால் கோல்ட்சியுஸ் அந்தக் கோடுகளின் மேல் இன்னொரு வரிசையைக் குறுக்காகப் போட்டார். மெல்லான் அந்தக் குறுக்கு வரிசையை மெல்ல மெல்லக் கைவிட்டார். ரோமில் அவர் செய்த படங்களை ஆண்டு வரிசையில் அடுக்கினால் இது தெளிவாகத் தெரியும்.

குறுக்குக் கோடு செதுக்குபவருக்கு ஒரு காப்பீடு. முதல் வரிசை மெலிந்துபோனால் இரண்டாவது வரிசையால் இருட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு கோடு வழுக்கினால் அடுத்தது அதை மறைத்துவிடும். அதைக் கைவிட்டவன் ஒவ்வொரு கோட்டுக்கும் நேரடியாகப் பொறுப்பேற்கிறான். இதை வித்தை என்று சொல்வது, தாளக்கட்டு இல்லாமல் ஆலாபனை மட்டும் பாடுபவரை வித்தைக்காரர் என்பதைப் போன்றது.

சுருளைப் பற்றியும் ஒரு செய்தி. வளைகோடு செதுக்கும்போது உளி வளைவதில்லை, தகடுதான் சுழலும். மணல் நிரப்பிய தோல் மெத்தையின் மேல் தகட்டை வைத்து, இடக்கையால் அதைத் திருப்ப, வலக்கை உளியை ஏறக்குறைய ஒரே திசையில் தள்ளிக்கொண்டிருக்கும். எனவே சுருள் என்பது இந்தக் கருவியின் இயல்பான நடை. ஒரே மூச்சில் அவர் செதுக்கினார் என்று மட்டும் நினைக்க வேண்டாம். உளியை எடுத்து, சீவலை நீக்கி, பள்ளத்தின் மெல்லிய முனையில் மீண்டும் நுழைந்து தொடரலாம். தடிக்க வேண்டிய இடத்தில் மறுபடி ஓட்டி ஆழப்படுத்தலாம். முறியாத கோடு என்பது அச்சில் தெரியும் உண்மை. நான் ஒருமுறை உள்ளங்கையளவு தகட்டில் வெறும் சுருளை முயன்றேன். முகம் எதுவும் இல்லை. ஏழாவது சுற்றில் இடைவெளி சற்றே அகன்றது. அந்தப் பிழையை அடுத்த சுற்றும் சுமந்தது, அதற்கடுத்ததும் சுமந்தது. தகட்டின் ஓரத்தை அடைவதற்குள் வட்டம் முட்டையாகிவிட்டது.

புதுவை வாசகி

சிறிய கேள்விகள் இரண்டு. வாசலில் ஒற்றை இழையில் போடும் சிக்குக் கோலத்தோடு இதை ஒப்பிடலாமா? மேலும், தொடக்கப் பதிவில் ஓவியர் என்றும் குறிப்பிடுகிறீர்கள். ஆனால் அவருடைய வண்ண ஓவியம் ஒன்றையாவது நான் பார்த்ததில்லையே?

உளிப்பிடி

சிக்குக் கோலத்தில் இழை எங்கும் ஒரே பருமன். அது எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் வடிவம் இருக்கிறது. மெல்லானின் சுருளில் வழி எந்தச் செய்தியையும் சொல்லாது, அது வெறும் சுருள். பருமனில்தான் முகம் இருக்கிறது. இரண்டும் நேர் எதிரானவை, அம்மா. ஓவியம் பற்றிய கேள்விக்கு இழையைத் தொடங்கியவரே பதில் சொல்வது பொருத்தம்.

செப்புத்தகடு

புதுவை வாசகி அவர்களுக்கு: மெல்லான் வண்ணம் தீட்டினார் என்பதில் ஐயமில்லை, அவர் தீட்டியவற்றில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. தம் சொந்த ஓவியங்களையும் சொந்த வரைவுகளையும் அவரே செதுக்கினார். ஆகவே பல ஓவியங்கள் இன்று அச்சுப்படத்தின் வழியாக மட்டுமே நமக்குத் தெரிகின்றன. மேடையேறிய நாடகத்தைச் சுவரொட்டியை வைத்து ஊகிப்பது போன்ற நிலைமை இது. இன்று அவருடையவை என்று முன்வைக்கப்படும் சில ஓவியங்களுக்கும்கூட அந்த அச்சுப்படங்களே சான்று.

ஆனால் ஓவியர் என்ற சொல்லுக்கு இன்னொரு எடை உண்டு. அன்றைய செதுக்கோவியர்களில் பெரும்பாலோர் பிறருடைய ஓவியத்தைத் தகட்டுக்கு மாற்றித் தருபவர்கள். வூவேயின் வட்டத்தில் மெல்லான் கற்றது, தாமே வரைந்து தாமே செதுக்கும் துணிவு. வூவே அவரை வரைதலில் முழுக் கவனம் செலுத்தத் தூண்டினார் என்பார்கள். ரோமில் அவர் சுண்ணக்கட்டியால் வரைந்த தலைகளைப் பார்த்தால் அந்தத் தூண்டுதல் வீண்போகவில்லை என்று தெரியும். அவருடைய வரைவுகளில் ஒரு பெரிய தொகுதி இன்று புனித பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஸ்டாக்ஹோமிலும் உண்டு. 1626-இல் அவர் செதுக்கிய வெர்ஜினியா தா வெட்சோவின் உருவப்படம் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் வூவேயின் மனைவி மட்டுமல்லர், தாமும் ஓவியர். அந்தப் படத்தில் முகத்தின் ஒளிப்பக்கத்தில் கோடே ஏறக்குறைய இல்லை. வெறும் தாள்தான் கன்னமாக நிற்கிறது.

ரோமில் பிறருக்கும் உழைத்தார். போப் எட்டாம் உர்பானுடைய கவிதைத் தொகுப்பின் 1631-ஆம் ஆண்டுப் பதிப்புக்காக, சிங்கத்தை அடக்கும் தாவீதைச் சிற்பி பெர்னினி வரைந்து தர, மெல்லான் செதுக்கினார். வின்சென்சோ ஜுஸ்தினியானி என்ற செல்வர் தம் மாளிகையிலிருந்த பழங்காலச் சிற்பங்களையெல்லாம் அச்சில் ஏற்ற ஒரு பெருந்தொகுப்பைத் திட்டமிட்டபோது, அதற்குக் கூடிய செதுக்கோவியர்களில் இவரும் ஒருவர். பாரிசுக்குத் திரும்பிய பின், 1640-இல் லூவரில் நிறுவப்பட்ட அரச அச்சகத்தின் நூல்களுக்கு முகப்புப் படங்கள் செய்தார். 1641-இல் இலத்தீன் கவிஞர் வெர்ஜிலின் நூல், 1642-இல் இன்னொரு இலத்தீன் கவிஞர் ஹொராஸின் நூல், அதே ஆண்டில் விவிலியம். மூன்றையும் வரைந்தவர், அப்போது அரசரின் அழைப்பின்பேரில் பாரிசில் வேண்டாவெறுப்பாகத் தங்கியிருந்த பிரெஞ்சு ஓவியர் நிக்கொலா பூசான். அந்த முகப்புகளில் கட்டம் கட்டமாக நிற்கும் பூசானின் உருவங்களும் மெல்லானின் தெளிந்த இணைகோடுகளும் ஒன்றுக்கொன்று பொருந்துவதைப்போல் வேறு எங்கும் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

விண்நோக்கி

இந்த இழையில் யாரும் இன்னும் நிலாவிடம் போகவில்லை. எனக்கு மெல்லான் என்றாலே நிலாதான்; வெரோனிக்காவின் துணி பிறகு வந்தது.

ப்ரோவான்ஸின் ஏக்ஸ் நகரில் நிக்கொலா-குளோத் ஃபாப்ரி த பெய்ரெஸ்க் என்ற நீதிமன்ற உறுப்பினர் வாழ்ந்தார். நாணயம், பூனை, செடி, கையெழுத்துப்படி, விண்மீன் என்று அவர் ஆர்வம் கொள்ளாத பொருளே இல்லை. ஐரோப்பா முழுவதும் கடிதம் எழுதியவர். அவருடைய நண்பர் பியேர் கசெந்தி, 1631 நவம்பரில் புதன் கோள் சூரியனின் முகத்தைக் கடப்பதைக் கண்டு பதிவுசெய்தவர். இவ்விருவரையும் ஒரு பழைய சிக்கல் அரித்துக்கொண்டிருந்தது: ஓர் ஊரின் தீர்க்கரேகையை எப்படிக் கணிப்பது?

சந்திர கிரகணம் அதற்கு ஒரு வழி. கிரகணம் எல்லா ஊர்களிலும் ஒரே கணத்தில் நிகழ்கிறது. ஆனால் ஒவ்வோர் ஊரின் உள்ளூர் நேரமும் வேறு. இரண்டு ஊர்களின் நேர வேறுபாடு ஒரு மணி என்றால் தீர்க்கரேகை வேறுபாடு 15 பாகை. 1635 ஆகஸ்டு 28 அன்று நிகழ்ந்த கிரகணத்துக்காகப் பெய்ரெஸ்க், அலெப்போ, கெய்ரோ உள்ளிட்ட ஊர்களில் இருந்த துறவிகளையும் வணிகர்களையும் முன்கூட்டியே தயார்ப்படுத்தினார். விளைவாக, மத்தியதரைக் கடலின் கிழக்கு–மேற்கு நீளத்தை அன்றைய வரைபடங்கள் பல நூறு கிலோமீட்டர் மிகைப்படுத்தியிருந்தன என்று தெரியவந்தது. ஆயினும் ஒரு குறை இருந்தது. பூமியின் நிழலுக்குக் கூர்மையான விளிம்பு இல்லை. கிரகணம் எப்போது தொடங்கியது என்பதில் இரண்டு பார்வையாளர்கள் ஒத்துப்போவதில்லை. நிலாவின் முகத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் நிழல் எப்போது தொடுகிறது என்று தனித்தனியாகக் குறித்தால் பிழை குறையும். அதற்கு, எல்லோர் கையிலும் ஒரே மாதிரியான நிலாப் படம் இருக்க வேண்டும். ஒரே மாதிரியான படம் வேண்டுமென்றால் அச்சுத் தகடு வேண்டும்.

இந்த நேரத்தில்தான், 1636-இல், ரோமிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த மெல்லான் ஏக்ஸுக்கு வந்து சேர்ந்தார். பெய்ரெஸ்க் அவரைத் தொலைநோக்கியின் முன் உட்கார வைத்துவிட்டார். விளைவு மூன்று தகடுகள்: வளர்பிறை அரைநிலா, முழுநிலா, தேய்பிறை அரைநிலா. 1610-இல் கலிலேயோ வெளியிட்ட அச்சுப்படங்களோடு இவற்றை ஒப்பிடுங்கள். கலிலேயோவுக்கு நிலாவில் மலை உண்டு, பள்ளம் உண்டு என்று நிறுவ வேண்டியிருந்தது; அதற்காக ஒரு பள்ளத்தைப் பெரிதாக்கியே காட்டினார். மெல்லானுக்கு எதையும் நிறுவ வேண்டியதில்லை, கண்டதைக் கண்டபடி வைத்தார். அரைநிலாத் தகடுகளில் ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையில் பள்ளங்களின் விளிம்புகள் எழுந்து நிற்கின்றன. முழுநிலாவில் நிழல் இல்லாததால் மலைகள் மறைந்து, தைக்கோ பள்ளத்திலிருந்து கிளம்பும் வெண்கதிர்கள் மட்டும் விரிகின்றன. இன்று சாதாரணத் தொலைநோக்கியில் பார்க்கும் எவரும் இந்த வேறுபாட்டை உடனே அடையாளம் காண்பார்.

1637 ஜூனில் பெய்ரெஸ்க் இறந்தார். திட்டம் அங்கேயே நின்றது. பின்னாளில் தான்சிக் நகரின் வானியலாளர் ஹெவேலியுஸ் இதே வேலையில் இறங்கியதை அறிந்த கசெந்தி, தம் பங்கைத் தொடராமல் அவரை ஊக்கப்படுத்தினார். ஹெவேலியுஸின் நிலாநூல் 1647-இல் தாமே செதுக்கிய தகடுகளோடு வெளிவந்தது. அதில் பெயர்களும் அளவுகளும் நிறைந்திருந்தன. புகழும் அதற்கே போனது. ஆனால் நிலா நம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டால், நான் மெல்லானின் மூன்று தகடுகளைத்தான் எடுத்து வைப்பேன்.

மஞ்சள்வெயில்

விண்நோக்கி அவர்களின் பதிவு என்னை அசைத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்த்திசையில் அசைத்திருக்கிறது. நிலாத் தகட்டைப் பார்ப்பவர் நிலாவைப் பார்க்கிறார். கோடு எப்படிப் போனது என்று யாரும் கேட்பதில்லை. செதுக்கியவர் முழுக்க மறைந்து நிற்கிறார். அதையே நான் உயர்ந்த கலை என்கிறேன். 13 ஆண்டுகள் கழித்து அதே கை, ‘நான் இதைச் செய்தேன்’ என்று கூவும் ஒரு படத்தைச் செய்தது. இரண்டும் ஒரே மனிதருடையவை என்பது வியப்பு. ஒன்று மற்றொன்றுக்குச் சான்றாகும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

உளிப்பிடி அவர்களின் காப்பீட்டு வாதத்தையும் மறுக்கவில்லை. கடினம் என்பதால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது என்பதே என் நிலை. நான்தேயும் எளிதாகச் செய்யவில்லையே.

மறைநூலகம்

நண்பர் மஞ்சள்வெயில் அவர்களின் ‘கூவும் படம்’ என்ற சொல்லை ஒட்டி, படத்தின் கீழே உள்ள இலத்தீன் வரியைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு துண்டுகளாக அது எழுதப்பட்டிருக்கிறது: ‘ஃபோர்மாத்துர் ஊனிக்குஸ் ஊனா’, அதன் கீழே ‘நோன் அல்த்தேர்’. ஒப்பற்ற ஒருவர், ஒன்றினால் உருவாகிறார், வேறொருவர் இல்லை.

இலத்தீனில் ‘ஊனா’ பெண்பால். கோடு என்பதற்கான சொல்லும் அம்மொழியில் பெண்பால்தான். ஆகவே ஒரே கோட்டினால் என்று கொள்ளலாம். ஒரே கன்னித்தாயிடமிருந்து என்றும் கொள்ளலாம். கடவுளின் ஒரே மகன் ஒரே தாயிடம் உருவானார் என்ற கோட்பாடும், ஒரே முகம் ஒரே கோட்டில் உருவானது என்ற தொழில் செய்தியும் ஒரே வரியில் சிலேடையாக அமர்ந்திருக்கின்றன. ‘வேறொருவர் இல்லை’ என்பதில்தான் சிக்கல். இயேசுவுக்கு இணை இல்லை என்பது நேர்ப்பொருள். இப்படிச் செதுக்க இன்னொருவன் இல்லை என்ற மறைபொருளை வாசிப்பவர் கேட்காமல் இருக்க முடியாது. மெல்லான் இரண்டையும் அறிந்தே எழுதியிருப்பார்.

அவர் எடுத்துக்கொண்ட கதையையும் கவனியுங்கள். வெரோனிக்காவின் கதையில் முகத்தை யாரும் வரையவில்லை. சிலுவை சுமந்து போனவரின் வியர்வையைத் துடைத்த துணியில் அது தானாகவே பதிந்தது. மனிதக் கை படாத உருவம் என்று மரபு அதைப் போற்றுகிறது. அச்சுப்படம் என்பதும் அப்படித்தான்: மையிட்ட தகட்டின் மேல் ஈரத்தாளை வைத்து உருளையின் அடியில் அழுத்தினால் முகம் துணிக்கு வந்ததுபோல் தாளுக்கு வருகிறது. செதுக்கும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிறித்தவ மரபில் இல்லை. மெல்லான் ரோமில் இருந்த ஆண்டுகளில்தான் புனித பேதுரு பேராலயத்தின் நடுமாடத்தில் பெர்னினியின் மேற்பார்வையில் நான்கு பெருஞ்சிலைகள் திட்டமிடப்பட்டன. அவற்றில் ஒன்று பிரான்செஸ்கோ மோக்கி செதுக்கிய, துணியை ஏந்திப் பதறி ஓடும் வெரோனிக்கா. அந்தத் துணியைப் பற்றிய பேச்சு ரோமில் காதுக்குக் காது ஓடிய காலத்தில் அவர் அங்கே இருந்தார் என்பதே எனக்குப் போதும். 1649-இல் வந்த எண்ணத்தின் விதை அங்கே விழுந்திருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே.

ஆகவே, கூவுகிறார் என்பது உண்மைதான். ஆனால் மனிதக் கை செய்யாத முகத்தை மனிதக் கை எவ்வளவு குறைவாகத் தொட்டுச் செய்யலாம் என்று கேட்டுப் பார்த்தவரின் கூவல் அது. ஒரே கோட்டுக்குக் கீழே போக முடியாது அல்லவா?

மஞ்சள்வெயில்

‘எவ்வளவு குறைவாகத் தொட்டு’ என்ற வாசகத்துக்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

செப்புத்தகடு

மறைநூலகம் அவர்களுக்கு மிகுந்த நன்றி. வாழ்க்கையின் பின்பகுதியைச் சொல்லாமல் விட்டுவிட்டோம், சுருக்கமாகச் சேர்க்கிறேன். 1650-களுக்குப் பிறகு பாரிசின் சுவை நான்தேயின் பக்கம் சாய்ந்தது. 1660-இல் பதினான்காம் லூயி பிறப்பித்த ஆணை, செதுக்குக் கலையைத் தொழிற்சங்கக் கட்டுப்பாடுகளுக்கு உட்படாத சுதந்திரக் கலையாக அறிவித்தது. அந்த மாற்றத்தின் பயனை அதிகம் அனுபவித்தவர்கள் இளையவர்கள். மெல்லானுக்கு அப்போது 62 வயது. எழுபது வயதைக் கடந்த பிறகும் அரசரின் சேகரிப்பிலிருந்த பழங்காலச் சிலைகளையும் மார்புருவங்களையும் செதுக்கும் பணி அவருக்குக் கிடைத்தது; எத்தியென் போதே என்ற இளையவரும் அதில் பங்கேற்றார்.

அந்தச் சிலைப் படங்களை யாரும் புகழ்வதில்லை. ஆனால் மஞ்சள்வெயில் அவர்கள் சொன்ன குறை, அதாவது மெல்லானின் கோட்டில் பட்டும் தோலும் ஒன்றுபோல் மின்னுகின்றன என்ற குறை, இங்கே தானாகவே நீங்கிவிடுகிறது. சலவைக்கல்லில் பட்டும் தோலும் ஒரே பொருள்தானே. நிறமில்லாத, ஒரே வெண்மையான உருண்டை வடிவத்தின் மேல் ஒளி சரிவதை இணைகோடுகள் மட்டுமே காட்டும் அந்தத் தகடுகளில், அவருடைய முறை தனக்குரிய பொருளை வந்தடைந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். நிலாவும் ஒருவகையில் நிறமில்லாத கல்தான்.

நூற்றாண்டின் இறுதியில் எழுத்தாளர் ஷார்ல் பெரோ தம் காலப் பிரான்சின் புகழ்பெற்றவர்களைத் தொகுத்தபோது, செதுக்கோவியர்களான கலோ, நான்தேய் ஆகியோரோடு மெல்லானுக்கும் இடம் கொடுத்தார்.

புதுவை வாசகி

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை. நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் அந்த அச்சுப்படத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? எல்லாப் படிகளும் ஒன்றுபோலவே இருக்குமா?

உளிப்பிடி

ஒன்றுபோல் இருக்காது, அம்மா. உருளை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் செம்பு சிறிது தேயும். ஆழமான பள்ளங்கள் நெடுநாள் தாங்கும். மேலோட்டமான பள்ளங்கள் முதலில் அழியும். மெல்லானின் முகத்தில் மேலோட்டமான பள்ளங்கள் எங்கே இருக்கின்றன? ஒளி விழும் இடங்களில்: நெற்றி, கன்னமேடு, மூக்கின் முதுகு. ஆகவே தகடு களைத்த பிறகு எடுத்த படிகளில் கோடு அந்த இடங்களில்தான் முதலில் விட்டுவிட்டுத் தெரியும். முகம் சற்றுத் தட்டையாகி, மிரட்சியாகத் தோன்றும். பிறர் பார்த்துச் செதுக்கிய நகல்களும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் பருமன் மாறும் இடங்களில் கை தயங்கியிருப்பது தெரியும்.

நல்ல படி கிடைத்தால், முதலில் மூக்கு நுனியைத் தேடாதீர்கள். இடக் கண்ணின் கீழ்இமையில் தொடங்குங்கள். அங்கே கோடு மயிரிழையாக வந்து, இமையின் நிழலில் திடீரெனத் தடித்து, மறுபடி மெலிந்து கன்னத்துக்குப் போகும். அதே கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டு உள்நோக்கி ஒவ்வொரு சுற்றாக வாருங்கள். வழி தவறிப் பக்கத்துச் சுற்றுக்குத் தாவிவிடுவீர்கள், எல்லோருக்கும் அது நேர்கிறது. திரும்பவும் இமையிலிருந்து தொடங்குங்கள்.